24ஆம் எண்ணும் நம் பேட்ச்தான்

மறுசந்திப்பு ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்ட அறிவிப்பைப் படித்தேன். நாள் குறித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, வருகிறவர்கள் பட்டியலும் தயார். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் உங்களில் ஒருவர் பதில் போட்டார்: "அவன் நம்ம பேட்ச் கிடையாதே. ஒன்பதாவதுலயே நின்னுட்டான்ல?" அதற்குக் கீழே நான்கு கட்டைவிரல்கள்.

அந்த நான்கு கட்டைவிரல்களால்தான் இந்த மடல். வாட்ஸ்அப்பிலேயே பதில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதினேன். விடிவதற்குள் அது காலை வணக்கப் படங்களுக்கும் யாரோ அனுப்பிய மூட்டுவலி வைத்தியத்துக்கும் அடியில் போய்விட்டது. அதோடு இது நம் வகுப்பின் வியாதி மட்டும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் எங்கே கூடினாலும் இதே மாதிரிப் பட்டியல், இதே மாதிரி மேடை. அவர்களும் படிக்கட்டும்.

யார் பெயரையும் இங்கே போடப்போவதில்லை. ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் எண்களே போதும், அவை உங்களுக்கு மறந்திருக்காது. நான் 23. நான் கேட்டது 24ஐப் பற்றி.

1985இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தோம். பெயர் வரிசையில் எனக்கு அடுத்தவன் அவன். அதனால் பெஞ்சிலும் அடுத்தவன், தேர்வு அறையில் பின்னால் இருப்பவன், விளையாட்டுக்கு ஆள் பிரித்தால் எதிரணிக்குப் போகிறவன். மூன்றரை வருடம் இப்படி. 1988 கடைசியில் அவன் அப்பா இறந்தார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. ஆசிரியர் "23" என்பார், "உள்ளேன் ஐயா" என்பேன். "24" என்பார். சத்தம் இருக்காது. இரண்டு வாரம் அப்படியே கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் 23ஐ முடித்துவிட்டு நேராக 25க்குப் போனார். 25 தயாராக இல்லை, பதறி எழுந்து பெஞ்சில் முட்டியை இடித்துக்கொண்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் நம் வகுப்பிலிருந்து போனது அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைத் தவிர நாம் எதுவும் செய்யவில்லை. பதினான்கு வயதில் செய்யத் தெரியவில்லை, சரி. ஐம்பது வயதிலுமா?

போன வருடம் ஓர் இரும்புக் கதவுக்குக் கீல் மாற்ற வேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறை ஒன்றில் போய் நின்று, அங்கிருந்த பையனிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே பற்றவைத்துக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்தி, முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு "இருபத்து மூணு!" என்றார்.

"இருபத்து மூணு என்ன, அங்குலமா?" என்று கேட்டேன்.

"அங்குலம் இல்லடா. உன் நம்பர்."

எனக்கு அவனைத் தெரிய இன்னும் சில நொடிகள் பிடித்தன. சிரித்தபோது தெரிந்துவிட்டது. ஏறக்குறைய 36 வருடம் கழித்து, என் குரலை மட்டும் வைத்து அவன் கண்டுபிடித்திருந்தான். பட்டறையின் ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கீல் அன்றைக்கு மாற்றப்படவில்லை.

அங்கே நடந்த ஒன்றை நீங்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 சந்திப்பில் நாம் அதிகம் சிரித்தது மணி அடித்த கதைக்குத்தான். எட்டாம் வகுப்பில் கடைசிப் பாடவேளைக்கு முன்னாலேயே யாரோ போய் நீள மணி அடிக்க, பள்ளி முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய கதை. 7 எழுந்து, மணி அடித்தது தான்தான் என்று நடித்துக் காட்டினான். நானும் சும்மா இருக்கவில்லை. கீழே நின்று காவல் காத்தது நான் என்று சேர்த்துச் சொன்னேன், கைதட்டினீர்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கும் கதை அது. மணிக்கயிறு ஆடி நின்றதுகூட இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

24இடமும் அதே கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். அப்புறம் மெதுவாக, "நீ அன்னைக்கு வரவே இல்லையேடா. உனக்குக் காய்ச்சல். சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து நான்தானே இதையெல்லாம் சொன்னேன்" என்றான்.

நான் விடவில்லை, வாதம் செய்தேன். "அறிவியல் நோட்டு இருந்தா எடுத்துப் பாரு. நீ வராத நாளுக்கெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றான். பழைய டிரங்குப் பெட்டியில் நோட்டு இருந்தது. 1987 நவம்பர் தேதி போட்ட ஆறு பக்கங்கள் என் கையெழுத்தில் இல்லை. 'ழ' போடும்போது கீழே ஒரு சுழியை அதிகமாக இழுத்துவிடுவான் அவன். அந்தச் சுழி ஆறு பக்கத்திலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மணியை அடித்தது அவன். கீழே காவல் நின்றது 7. கணக்குத் தேர்வுக்குப் படிக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு வீரக் காரணம் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே முழங்காலில் நின்றவனும் அவன்தான். கூட யார் என்று கேட்டதற்குக் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

7, இதைப் படித்துக் கோபித்துக்கொள்ளாதே. நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. நீயாவது அந்த இடத்தில் இருந்தாய், நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நினைவு இப்படிக் கைமாறும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இலேயே காட்டிவிட்டார். சின்ன வயதில் கடைவளாகத்தில் நீங்கள் தொலைந்துபோனீர்கள் என்று, நடக்காத ஒன்றைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதை முழுசாகவோ பாதியாகவோ தன் நினைவு என்றே நம்பினார். எனக்கு உளவியலாளர்கூடத் தேவைப்படவில்லை. ஒரு நல்ல கதைசொல்லி காய்ச்சல் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே போதுமாக இருந்தது.

சாட்சி இல்லாத இடத்தில்தான் இப்படி நடக்கும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் 24 இருந்திருந்தால் கதை திருந்தியிருக்கும். எங்களை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், சிரிப்பும் குறைந்திருக்காது. பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் மனிதர்களுக்கு அதிகமாக நினைவில் திரும்புகின்றன என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். நமக்கு அந்த இருபது வருடத்தில் பள்ளி, கல்லூரி, முதல் வேலை என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. அவனுக்குப் பள்ளி என்றால் அந்த மூன்றரை வருடம்தான். அதற்கு மேல் எதுவும் வந்து விழவில்லை. யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம், யாருக்கு யார் குடை கொடுத்தோம், எந்த ஆசிரியர் எந்தக் கையால் அடிப்பார் என்பது வரை சொல்கிறான். நம் இளமையின் பெரிய பங்கு அந்தப் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் அவனைப் பேட்ச் இல்லை என்கிறீர்கள்.

அந்தப் 'பேட்ச்' கணக்கையே பார்ப்போம். 1985இல் நாம் 46 பேர். உங்கள் பட்டியலில் 30 பேர். அதில் நான்கு பேர் பதினோராம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்தவர்கள். அவர்களை அழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், நல்ல நண்பர்கள். ஆனால் அவர்கள் நம்மோடு உட்கார்ந்தது இரண்டு வருடம், 24 உட்கார்ந்தது மூன்றரை. இரண்டு வருடக்காரர் பேட்ச் என்றால் மூன்றரை வருடக்காரன் எப்படி இல்லாமல் போனான்? நீங்கள் கையில் எடுத்தது 1992 தேர்ச்சிப் பட்டியல். அது கிடைக்க எளிதாக இருந்தது, வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஆரம்பத்தில் இருந்த 46இல் 20 பேரைக் காணோம். இறந்துபோன மூவரைக் கழித்தால் 17. அப்பாவுக்கு வேலை மாறி வேறு ஊருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதில் ஒருமுறை தவறி, நமக்கு அடுத்த வருடத்தவரோடு உட்கார்ந்து முடித்த 38 இருக்கிறான். அவன் பாடுதான் வேடிக்கை. 93 பேட்ச்காரர்கள் அவனை 92 என்கிறார்கள், நாம் 93 என்கிறோம். இரண்டு சந்திப்புக்கும் அவனுக்கு அழைப்பில்லை. ஒரு தேர்வுத்தாள் அன்றைக்கு இவர்களை வெளியே நிறுத்தியது. அதே தாளைத் தேடி எடுத்து வந்து நாம் இரண்டாவது முறையாக நிறுத்துகிறோம்.

17இல் 11 பேர் பெண்கள். "ஃபேஸ்புக்கில் தேடினோம், கிடைக்கவில்லை" என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெயரில் தேடினீர்கள்? திருமணத்துக்குப் பிறகு பலருடைய பெயரின் பின்பாதி மாறியிருக்கும். முகப்புப் படத்தில் தன் முகத்துக்குப் பதிலாகக் குழந்தையின் முகத்தையோ ஒரு பூவையோ வைத்திருப்பவர்களும் உண்டு. நம் பட்டியலில் இருக்கும் தோழிகளைக் கேட்டிருந்தால் பாதிப் பேரின் தொலைபேசி எண்ணாவது கிடைத்திருக்கும். இரண்டு பேரிடம் நானே பேசினேன். "எங்களை யாரும் கேட்கலியே" என்றார்கள். ஏற்பாட்டுக் குழுவில் ஐந்து பேரும் ஆண்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை.

பட்டியல் போட்ட முறையிலும் ஒரு பிழை இருக்கிறது. ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, "வேற யாரு, வேற யாரு" என்று யோசித்து எழுதியதாகச் சொன்னீர்கள். 1975இல் ஹாரி பாஹ்ரிக் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 392 பேரிடம் பள்ளித் தோழர்களைப் பற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளியை விட்டு முப்பத்தைந்து வருடம் ஆனவர்களும் பழைய புகைப்படத்தைக் காட்டினால் பத்தில் ஒன்பது முகத்தை அடையாளம் சொன்னார்கள். எதையும் காட்டாமல், உங்களோடு படித்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் வெகு சிலரைத்தான் சொல்ல முடிந்தது. கூடி யோசித்ததும் உதவியிருக்காது. ஒன்றாக உட்கார்ந்து நினைவுகூரும் ஐந்து பேர், தனித்தனியே நினைவுகூர்ந்து பிறகு சேர்த்துக்கொள்ளும் ஐந்து பேரைவிடக் குறைவாகத்தான் நினைவுகூர்கிறார்கள் என்பது பலமுறை சோதிக்கப்பட்ட விஷயம். ஒருவர் உரக்கச் சொல்வது மற்றவர் நினைத்துக்கொண்டிருந்ததை அமுக்கிவிடுகிறது. எட்டாம் வகுப்புக் குழுப் படம் என்னிடம் இருக்கிறது. முதல் நாளே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை 7 என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். நல்ல மனதோடுதான் பேசினான், அதை மறுக்கவில்லை. "வந்தா அவனுக்குத்தான்டா சங்கடமா இருக்கும். எல்லாரும் கார்ல வந்து இறங்குவாங்க. பாவம் இல்லையா?" என்றான். இதைச் சொன்னது அவன் ஒருவன்தான் என்றாலும் உங்களில் பலர் நினைப்பதும் இதுவே என்று தோன்றுகிறது.

பழைய நண்பனைக் கூப்பிட்டால் அவனுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற தயக்கத்தைப் பற்றி அண்மையில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2022இல் பெக்கி லியுவும் மற்றவர்களும் 5,900க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு 13 சோதனைகள் செய்து வெளியிட்டார்கள். தொடர்பு கொள்கிறவர் எதிர்பார்ப்பதைவிட, தொடர்பு கொள்ளப்படுகிறவர் அதை அதிகமாகவே மதிக்கிறார். எதிர்பாராமல் வருகிற அழைப்பு என்றால் மதிப்பு இன்னும் கூடுகிறது. அப்படியிருந்தும் நாம் கூப்பிடுவதில்லை. லாரா ஆக்னின், கிலியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பேச வேண்டும் என்று ஆசைப்பட்ட பழைய நண்பரின் தொடர்பு எண் கையில் இருந்தும், அவருக்குச் செய்தி அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, சங்கடம் அந்தப் பக்கம் இருப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். இருப்பது இந்தப் பக்கம்.

24 என்ன சொன்னான் தெரியுமா? சந்திப்பு நடக்கப்போகிறது என்று அவசரப்பட்டு நானே அவனிடம் உளறிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவன் முன்னங்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள். அதைத் தடவிக்கொண்டே, "முழுக்கைச் சட்டை போட்டுட்டு வரணுமாடா?" என்று கேட்டான். மற்றபடி வருவதா வேண்டாமா என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. உங்கள் பதில் வந்து இத்தனை நாளாகியும் நான் அந்தப் பட்டறைப் பக்கம் போகவில்லை. கீல் இன்னும் கிறீச்சிடுகிறது.

இனி 'சாதனையாளர் மேடை'. அறிவிப்பின்படி ஏழு பேரைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்போகிறீர்கள். அதற்கு முன், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம்: பெயர், பதவி, நிறுவனம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள். 2019இலும் இதுதான் நடந்தது. 31 என்ன ஆனான் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

அவன் முறை வந்தபோது எழுந்து பெயர் சொன்னான். "இப்ப சொந்தமா பண்றேன்" என்றான். "என்ன பிசினஸ்?" என்று மேடையிலிருந்து ஒலிவாங்கியில் கேட்டார்கள். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. 31 ஏதோ சொன்னான், சரியாகக் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வேலை போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழுப் படத்தில் அவன் இல்லை. எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டான். மறுநாள் காலை அவன் வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியேறியதாக ஒரு வரி வந்தது. அதற்கு மேலும் கீழும் நூறு புகைப்படங்கள். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை.

பதினேழு வயதில் நம்மைத் தரவரிசையில் நிறுத்தியவர்கள் பெரியவர்கள். முப்பது வருடம் கழித்து ஒருநாள் கூடும்போதாவது அந்தப் பலகையை நாமே தூக்கி மாட்ட வேண்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது. 30 பேர் கூடினால் ஐந்து பேர். கணக்கு அப்படி நேராக வராது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பொன்னாடைப் பட்டியலை எழுதும்போது அந்த ஐந்து பேர் யாராக இருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம். பொன்னாடைக்கு உரிய ஏழு பேரிலேயேகூட ஒருவர் இருக்கலாம்.

பங்குத் தொகையைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. கட்டியவர்கள் பெயரை வரிசைப்படுத்தி, கட்டாதவர்களுக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்துப் பொதுவில் போட்டது தவறு. அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

"சோகமான பேச்சு வேண்டாம், அது மகிழ்ச்சியான நாள்" என்று அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி. இறந்துபோன மூவரையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. 12ஐப் பற்றிப் பேசினால் யாருக்காவது சோகம் வருமா? ஆய்வகத்தில் சோதனைக்குழாயை உடைத்துவிட்டு, அது உடைந்தே வந்தது என்று ஆசிரியரையே நம்ப வைத்தவன் அவன். அவனை விட்டுவிட்டு நாம் எந்த மகிழ்ச்சியைப் பேசப்போகிறோம்?

சரி, நான் கேட்பவை இவை.

24க்கு முறையான அழைப்பு போக வேண்டும். எண் என்னிடம் இருக்கிறது, ஆனால் கூப்பிட வேண்டியவன் நான் இல்லை. குழுவின் பெயரில் 7 கூப்பிட வேண்டும். மணி விஷயத்தை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்கிறேன். அதே போல 38க்கும்.

31ஐ நான் கூப்பிடுகிறேன். ஆறு வருடமாகத் தள்ளிப்போட்ட என் பாக்கி அது. அவன் வருவானோ மாட்டானோ, மேடையில் பதவி கேட்க மாட்டார்கள் என்று அவனிடம் நான் சொல்ல முடிகிற நிலையை மட்டும் நீங்கள் உண்டாக்கித் தாருங்கள்.

அழைக்கப்படுகிறவர்கள் பட்டியலை 1985 வருகைப் பதிவேட்டின்படி மாற்றுங்கள். இடையில் வந்து சேர்ந்தவர்களும் அதில் சேரட்டும். ஏற்பாட்டுக் குழுவில் இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பேசிய இருவரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படத்தை நாளை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அதைக் குழுவில் போட்டுவிட்டு யாரும் பதில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த முகங்களையும், அவர்களைப் பற்றிக் கடைசியாகக் கேள்விப்பட்டதையும் தனியாக எழுதி ஒருவருக்கு அனுப்பட்டும். பிறகு சேர்த்துப் பார்ப்போம். கூப்பிடத் தயக்கமாக இருக்கிறவர்களுக்கு, மேலே சொன்ன 2024 ஆய்வில் ஒரு வழி இருக்கிறது. முதலில் மூன்று நிமிடம் இப்போதைய நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக் கை பழக்கிக்கொண்டவர்களில் 53 விழுக்காட்டினர் பழைய நண்பருக்கும் அனுப்பினார்கள். அப்படிப் பழகாதவர்களில் 31 விழுக்காடுதான். நாம் நாள் முழுக்கப் பழகிக்கொண்டே இருக்கிறோம், காலை வணக்கத்தை வைத்து.

பொன்னாடை வேண்டாம். இரண்டு நிமிட அறிமுகமும் வேண்டாம். அதற்குப் பதில் நம் ஆறாம் வகுப்பு ஆசிரியர் வருவதாகச் சொல்லியிருக்கிறாரே, அவர் கையில் 1985 பெயர் வரிசையைக் கொடுங்கள். ஒன்றிலிருந்து 46 வரை கூப்பிடட்டும். பிறகு சேர்ந்தவர்களுக்கு 47இலிருந்து எண் கொடுத்தால் போகிறது. வந்தவர்கள் "உள்ளேன் ஐயா" என்று சொன்னால் போதும், யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இறந்த மூவரின் எண்ணையும் தாண்டிப் போகாமல் கூப்பிட வேண்டும். அவர்கள் பெஞ்சில் இருந்தவர் எழுந்து ஒரு கதை சொல்லட்டும். 12க்கு நான் சொல்கிறேன்.

தேடியும் கிடைக்காதவர்களுக்கு நாற்காலி போடுங்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவன் கேட்கவில்லை. வருவார், இடம் விட்டுவையுங்கள் என்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. நாம் ஒரே பெஞ்சைக் கத்தியால் கீறிப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள். மண்டபத்தில் கூடுதலாகப் பதினைந்து நாற்காலிக்கு இடம் இருக்கிறது, நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

பங்குத் தொகையை ஒரே ஒருவர் வாங்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் போதாது, எழுத்தில் வேண்டும். உங்கள் முடிவு இல்லை என்பதாக இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். அன்றைக்கு நான் மண்டபத்துக்கு வர மாட்டேன், பட்டறையில் இருப்பேன். திங்கட்கிழமை காலை எப்படியும் கீலை எடுத்துக்கொண்டு அங்கே போகத்தான் வேண்டும். முழுக்கைச் சட்டையைப் பற்றி அவன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
23